கேட்போர் இல்லாத பாயிரம்

அணிந்துரை வேண்டி இளங்கவிஞர் ஒருவராவது படலையைத் திறவாத மாதம் எம்போன்ற தமிழாசிரியர் வீடுகளில் அருமை. வருபவர் கையிலே ஒரு கோவை இருக்கும். முகத்திலே கூச்சம் இருக்கும். "ஐயா, ஒரு அணிந்துரை தரவேணும்" என்பார். நாமும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "வைச்சிட்டுப் போங்கோ தம்பி, பாப்பம்" என்போம். இரண்டு கிழமை சென்றபின் ஒன்றரைப் பக்கத்திலே ஒரு புகழுரை அவர் கைக்குப் போய்ச்சேரும். பின்னர் நூல் அச்சேறும், விழா நடக்கும், பொன்னாடை போர்க்கப்படும், நிழற்படம் பத்திரிகையிலே வரும். இவ்வளவும் நிறைவேறியபின், அந்நூலை வாசித்தவர் எத்தனைபேர் என்ற கேள்வியை மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை இன்று கேட்க விரும்புகின்றேன். கேட்பதற்கு எனக்குள்ள தகுதி மிகக் குறைவு. அதனை மறைக்காமற் சொல்லிவிட்டே மேலே செல்லவேண்டும்.

கடந்த ஆனி மாதத்திலே என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். கிராமப் பாடசாலை ஒன்றிலே ஆசிரியை, வயது இருபத்தாறு. ஐம்பத்து நான்கு கவிதைகள் கொண்ட கோவை ஒன்றை என் மேசைமேல் வைத்தாள். முதல் நூல். பதிப்பாளர் இருவரை அணுகியிருக்கிறாள். ஒருவர், கவிதை விற்பனையாகாது என்று கோவையைத் திறவாமலே திருப்பிவிட்டார். மற்றவர், அச்சுச் செலவை நீங்களே தந்தால் எங்கள் பெயரைப் போட்டு வெளியிடலாம் என்றார். எனவே நேராக அச்சகத்துக்கே போய் விசாரித்திருக்கிறாள்.

"முந்நூறு பிரதிக்கு ஓர் இலட்சத்து இருபதினாயிரம் சொல்லுகினம் ஐயா. அம்மாவின்ரை சங்கிலி இருக்கு. ஈடு வைக்கலாம் எண்டு அம்மாவே சொல்லுறா. நீங்கள் அணிந்துரை தந்தால் குடுத்திடுவன்."

நான் வழக்கமான மறுமொழியைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு செய்த காரியத்தைத்தான் இப்பொழுது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. புதிதாக எழுதச் சோம்பல்பட்டு, முன்னர் எழுதிய அணிந்துரைகளிலிருந்து நான்கு நல்ல தொடர்களை எடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த ஒரு கவிதைநூல் கையில் அகப்பட்டது. அதுவும் என் மாணாக்கர் ஒருவரின் முதல் நூல். என் அணிந்துரையை வாசித்தேன். 'சொல்வளமும் பொருணயமும் ஒருங்கே அமைந்த' என்று தொடங்கியிருந்தது. எந்த நூலுக்கும் பொருந்தும் தொடர் அது. அடுத்த பந்தியிலே, தந்தையாரைக் குறித்து அவர் பாடிய இரங்கற்பாவைப் பெயர் குறித்துப் பாராட்டி, 'ஆறுதலோடு நிறைவுறும் அதன் முடிவு நெஞ்சை உருக்குகின்றது' என்று எழுதியிருந்தேன்.

அந்த முடிவை மீண்டும் வாசிக்க ஆசை உண்டாயிற்று. பக்கத்தைப் புரட்டினேன். இரங்கற்பா நடுவிலே, ஒரு வாக்கியத்தின் பாதியிலே நின்றது. அடுத்த பக்கத்திலே மழையைப் பற்றிய வேறொரு கவிதையின் பின்பாதி இருந்தது. எமக்கு அனுப்பிய தட்டச்சுப் பிரதியிலே ஒரு தாள் தவறியிருக்கிறது. அச்சகத்துக்கும் அதே பிரதிதான் போயிருக்கிறது. அந்நூலுக்கு அணிந்துரை எழுதியவர் ஐவர். விழாவிலே பேசியவர் அறுவர். ஒருவர் வாயிலிருந்தும் அக்குறை வெளிவரவில்லை. நான் ஒருபடி மேலே சென்று, இல்லாத முடிவையே பாராட்டியிருக்கிறேன். பரீட்சை விடைத்தாள் திருத்தும் காலம் அது. முதற் கவிதையையும் கடைசிக் கவிதையையும் பொருளடக்கத்தையும் பார்த்து எழுதினேன் என்பது நினைவுக்கு வந்தது.

அந்நூலுக்குப் பின்னர் அவர் கவிதை எழுதவில்லை. காரணம் பலவாய் இருக்கலாம். ஆயினும் என் பங்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி, என் தொழிலுக்குரிய இடத்திலிருந்து இதனை ஆராய்கின்றேன். பிராசீன கல்லூரியிலே ஆண்டுதோறும் நன்னூற் பாயிரவியலைக் கற்பித்து வருபவன் நான். தற்புகழ்ச்சி தகாது என்பது பவணந்தி முனிவர் விதி. எத்துணைக் கலைகளை ஒருவன் கற்று முடித்தானாயினும் தன்னைத் தானே புகழலாகாது. ஆதலின் நூலின் சிறப்பைப் பிறர் சொல்லவேண்டும். யார் சொல்லலாம்? நால்வரை அவர் குறிப்பிடுகின்றார்: ஆசிரியனுக்குக் கற்பித்தவன், உடன் கற்றவன், அவனுடைய மாணாக்கன், தகுதிவாய்ந்த உரைகாரன். இந்நால்வருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. நால்வரும் ஆசிரியனையும் அறிவர், அவன் தமிழையும் அறிவர். உரைகாரனோ நூலின் எழுத்தெழுத்தாகத் தொட்டுச் சென்றவன். பட்டணத்து வர்த்தகப் பிரமுகரும், வங்கி முகாமையாளரும், நூலைக் கண்ணாலும் காணாத பேராசிரியரும் இந்நால்வருள் அடங்கார். அடங்கும் தகுதி பெற்ற என்போன்றவரும் வாசியாது எழுதினால் அத்தகுதியை இழந்துவிடுகின்றோம்.

சிறப்புப்பாயிரத்திலே சொல்லவேண்டிய பொருள் எட்டு என்றும் நன்னூல் வகுக்கின்றது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இவ்வெட்டையும் ஆண்டுதோறும் கரும்பலகையிலே எழுதுகின்றேன். 'கேட்போர்' என்னும் ஏழாவதை எழுதும்பொழுது இதுவரை நான் நின்று யோசித்ததில்லை. நூல் ஒன்று எவர் கேட்பதற்கு இயற்றப்பட்டது என்பது, அதன் பெயரைப்போலவே, ஆக்கியோன் பெயரைப்போலவே, அதனோடு பிரிக்கமுடியாத உறுப்பு என்று அன்றைய இலக்கணகாரர் கருதியிருக்கின்றனர். எங்கள் காலத்துக் கவிதைநூலிலே மற்ற ஏழும் உண்டு. ஐ.எஸ்.பி.என். இலக்கமும் உண்டு. கேட்போரைத்தான் காணவில்லை.

கேட்போர் அன்று எங்கே இருந்தனர்? அரங்கிலே இருந்தனர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்திலே அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்பது அதன் பாயிரம் தரும் செய்தி. அவ்வாசான் புகழ்ந்து பேச வந்தவர் அல்லர். கூறிய குற்றங்களுக்கெல்லாம் விடை பெற்றபின்னரே ஏற்றுக்கொண்டார் என்று நச்சினார்க்கினியர் கதை சொல்லுகின்றார். கந்தபுராண கலாசாரத்திலே வளர்ந்த எமக்கு இதனினும் நெருங்கிய கதை ஒன்று உண்டு. காஞ்சிக் குமரகோட்டத்திலே கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றத் தொடங்கிய அன்றே, முதற்பாட்டின் முதற்சொற்புணர்ச்சிக்கு விதி யாது என்று ஒருவர் தடை எழுப்பினார். அவை கலைந்தது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் காட்டித் தடையை நீக்கினார் என்பர். சைவப் புராணம் ஒன்றின் தடையைப் பௌத்தர் இயற்றிய இலக்கணம் நீக்கிற்று என்பது கதையின் ஓர் அழகு. அவ்வீரசோழியத்தை 1881இல் அச்சேற்றியவர் எங்கள் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை என்பது யாழ்ப்பாணத்தார் மறவாத செய்தி.

இக்கதைகள் நடந்தனவோ இல்லையோ, எங்கள் முன்னோர் நூல் அரங்கேற்றத்தை எப்படிக் கருதினர் என்பதற்கு இவை சான்று. அரங்கேற்றம் என்பது கேட்டல், தடுத்தல், விடை கூறல் என்ற மூன்றும் நிகழும் இடம். முதற்சொல்லிலேயே ஒருவர் தடுத்தார் என்றால், முதற்சொல்லைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார் என்பது பொருள்.

இன்றைய வெளியீட்டு விழாவைப் பாருங்கள். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், அதன்பின் முதற்பிரதி, சிறப்புப் பிரதி, கௌரவப் பிரதி வழங்கல். பிரதி பெறுபவர் கடித உறையிலே பணம் வைத்துக் கொடுப்பார். இவ்வுறைகளை நான் இகழவில்லை. பல இளைஞரின் அச்சகக் கடனைத் தீர்ப்பவை அவையே. எனினும் உறை கொடுத்தவர் நூலை வாசிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். நூல் விழா மேடையிலேதான் அவர் கைக்கு வருகின்றது. ஆகவே பேசுபவர் பலரும் நூலை விட்டுச் சங்க காலத்திலிருந்து பேசத் தொடங்குவர். நானே நாற்பது நிமிடம் கவிதையின் இலக்கணத்தையும் மூன்று நிமிடம் கவிஞரையும் பேசியவன். கடைசியிலே ஏற்புரைக்குக் கவிஞர் எழும்பொழுது, சபையோர் பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிடுவர். விழா முழுவதிலும் ஒரு கவிதையாவது முழுமையாக வாசிக்கப்பட்டிராது. மிஞ்சிய பிரதிகள் கட்டாகவே வீட்டுக்குத் திரும்பிக் கட்டிலின் கீழே போய்ச்சேரும்.

கடதாசி மலிந்திருந்த காலத்திலும் இது வீண். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அதன் பின்னரும் ஒரு தாயின் சங்கிலியை ஈடு வைத்து முந்நூறு பிரதி அச்சிட்டு இருநூறைக் கட்டிலின் கீழ் வைப்பதை இலக்கியத் தொண்டு என்று நாம் வாழ்த்தலாகாது.

பணத்துக்கு வழி என்ன என்று கேட்கலாம். வழி புதிதன்று. 1887இல் சீவகசிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் அச்சிட்டபொழுது, நூல் வெளிவருமுன்னரே தமிழன்பரிடம் சென்று கையொப்பம் பெற்றார். இன்ன நூலை இன்ன விலைக்கு வாங்குவேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வதே கையொப்பம். அக்காலத் தமிழ்நூல்கள் பலவற்றைத் தாங்கிநின்ற முறை அது. அதிலே ஒரு நுட்பம் உண்டு. கையொப்பமிட்டவர் நூலின் வரவை எதிர்பார்த்திருப்பார். ஆகவே கையொப்பம் செலவுக்கு மாத்திரமின்றிக் கேட்போருக்கும் வழி செய்தது.

பாரதியார் சரித்திரத்திலிருந்து இரண்டு செய்திகள் இவ்விடத்துக்கு உரியன. 1907இல் அவருடைய தேசப்பாடல்களை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர். அவர் மிதவாதி, பாரதியாரின் அரசியலுக்கு மாறானவர். பாரதியார் பாடக் கேட்டார், உள்ளம் உருகினார், அச்சிட்டார். கேட்டது முதலிலும் கொடுத்தது பின்னரும் நிகழ்ந்தன. அதே பாரதியார் 1920இலே தம் எழுத்துக்களை நாற்பது நூல்களாக, நூலொன்றுக்குப் பதினாயிரம் பிரதி வீதம் வெளியிட எண்ணி, கடனுதவி வேண்டி அன்பருக்குச் சுற்றுக்கடிதம் எழுதினார். அத்திட்டம் நிறைவேறவில்லை. 1921 செப்டெம்பரில் அவர் காலமானார். பெருங்கவிஞர் என்று நாம் இன்று விழா எடுப்பவருக்கு அன்று கையொப்பமிட ஆளில்லை. இளங்கவிஞர் ஒருவர் எங்கள் படலையைத் திறக்கும்பொழுது இதனை நாம் நினைத்துக்கொள்வது நல்லது.

இளையோருக்கும் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. நூல் ஒன்று வந்தால்தான் கவிஞர் என்ற எண்ணம் இன்று வலுத்திருக்கின்றது. எங்கள் நாட்டுக் கவிதை வரலாறு அதற்குச் சான்று தரவில்லை. மகாகவி என்ற உருத்திரமூர்த்தியின் முதற்றொகுதியான 'வள்ளி' 1955இலே வந்தது. அதற்கு முன்னரே பத்திரிகை வாசகர் அவரை நன்கு அறிந்திருந்தனர். கிழக்கிலங்கையின் நீலாவணன் செய்தி இன்னும் கருதத்தக்கது. பத்திரிகைகளிலும் கவியரங்குகளிலும் புகழ்பெற்று, கல்முனை எழுத்தாளர் சங்கத்தை வழிநடத்தி, பின்வந்தோர் பலருக்கு வழிகாட்டிய அவர் 1975இலே மறைந்தார். அவருடைய முதற் கவிதைத்தொகுதி 'வழி' அடுத்த ஆண்டிலேயே வெளிவந்தது. நூலில்லாமலே அவருக்குக் கேட்போர் இருந்தனர் என்பது இளையோர் கொள்ளவேண்டிய பாடம். அவர் உயிரோடிருந்த நாளிலே ஒரு தொகுதியைத் தமிழுலகம் அவர் கையிலே வைக்கவில்லை என்பது மூத்தோர் கொள்ளவேண்டிய பாடம். முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைப்பது நேர்மையாகாது.

முகநூல் இருக்க நூல் எதற்கு என்று கேட்பாரும் உளர். அங்கே ஒரு கவிதைக்கு ஒரு மணி நேரத்தில் நூறு விருப்பக்குறி விழுகின்றது; மறுநாள் அதனைத் தேடி எடுப்பது அரிது. அச்சுநூல் பல வீடுகளிலும் பல வாசிகசாலைகளிலும் பரவி நிற்பது. 1981இலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அங்கே இருந்த நூல்களுள் வேறு வீடுகளிலும் பிரதி இருந்தவை பிழைத்தன. ஒரே பிரதியாய் இருந்தவை போயின. 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தார் ஈழத்து நூல்களைத் திரட்டி எவரும் வாசிக்க வைத்துவருகின்றனர். அவர்க்கும் முதலிலே எங்கோ ஒரு வீட்டிலிருந்து ஒரு பிரதி கிடைக்கவேண்டும். ஆகையால் நூல் வேண்டும். அது வாசிப்பவர் வீடுகளுக்குப் போகவேண்டும்.

நான் முன்வைப்பது இதுதான். ஊர்தோறும் இலக்கிய வட்டங்கள் உள. மாதத்தில் ஒரு மாலை, அச்சேறாத கோவை ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். பத்துப்பேர் முன்கூட்டியே வாசித்து, கையிலே பென்சிலோடு வரட்டும். கவிஞர் வாசிக்கட்டும், தடை உள்ளவர் தடை சொல்லட்டும், கவிஞர் விடை சொல்லட்டும். அரங்கேற்றம் அச்சுக்கு முன்னரே நிகழட்டும். அதன்பின் அங்குள்ளோர் முதலாகக் கையொப்பம் தொடங்கட்டும். ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்திலே ஐந்நூறு பிரதிக்குக் குறைந்தால் கட்டாது. இக்கால அச்சு நூறு பிரதிக்கும் இடங்கொடுக்கின்றது. எத்தனை கையொப்பமோ அத்தனை பிரதி, வாசிகசாலைகளுக்குச் சில மேலதிகம், அவ்வளவு போதும். அணிந்துரை வேண்டுமாயின் ஒன்று மாத்திரம். அதுவும் நன்னூலார் காட்டிய நால்வருள் ஒருவர், கோவையை முற்றும் வாசித்தபின் எழுதியது. விழா எடுப்பின், உரையைச் சுருக்கிக் கவிதையை வாசியுங்கள்.

குறை சொன்னால் இளையோர் மனம் உடைந்துபோகும் என்று மூத்த நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். நானும் முன்னர் அப்படி எண்ணியவனே. எங்கள் வகுப்புக் கொப்பிகளிலே சிவப்பு மையால் திருத்துகின்றோம். பிள்ளைகள் மனம் உடைவதில்லை. திருத்தாமலே சரி அடையாளமிட்டுக் கொடுத்தோமென்று பிள்ளை கண்டுபிடிக்கும் அன்றுதான் எங்கள்மேல் உள்ள மதிப்பு உடைகின்றது.

இனி, நடந்ததைச் சொல்லி முடிக்கின்றேன். அம்மாணவியின் கோவையை மூன்று நாள் இருந்து வாசித்தேன். மரபுக் கவிதையிலே பழகிய எனக்கு அவளுடைய புதுக்கவிதை எளிதில் வசப்படவில்லை. சீரும் தளையும் தேடிய பழக்கம் கண்ணை இடறிற்று. இருபதாவது கவிதைக்கு வந்தேன். பெயர் 'இடாப்பு'. பழைய வகுப்பு இடாப்பு ஒன்றிலே சிவப்புக் கோடிட்டு நீக்கிய பெயர்களைப் பற்றியது. ஒரு பெயருக்கு நேரே வெளிநாடு என்றும், இன்னொன்றுக்கு நேரே இடம்பெயர்வு என்றும் காரணம் எழுதியிருக்கிறது. ஒரு பெயருக்கு நேரே காரணம் எழுதப்படவில்லை. கோடு மாத்திரம். நானும் அத்தகைய கோடுகளை இட்டவன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

அக்கவிதையின் கடைசி மூன்று வரிகள், முன் சொன்னதையே விளக்கிச் சொல்வன. அவை வேண்டாம் என்று ஓரத்திலே எழுதினேன். வேறொரு கவிதையிலே ஒரு சொல்லைக் கொச்சை என்று வட்டமிட்டேன். மறுகிழமை எங்கள் வாசிகசாலையிலே பதினொருபேர் கூடினோம். மூன்று வரிகளை அவள் வாசித்துப் பார்த்து, தானே வெட்டினாள். கொச்சைக்கு அவள் இணங்கவில்லை. "அம்மம்மா அப்பிடித்தான் ஐயா சொல்லுவா. திருத்தினால் அது அம்மம்மாவின்ரை கதை இல்லை" என்றாள். இருந்தவர்களுள் எழுவர் அவள் பக்கம். நான் வட்டத்தை அழித்தேன். ஐம்பத்து நான்கு கவிதைகள் முப்பத்தெட்டாகக் குறைந்தன. அன்றே கையொப்பம் தொடங்கிற்று. நூற்றிருபது பிரதிக்கு அறுபதினாயிரம் ரூபா என்று அச்சகத்தார் சொல்லியிருக்கின்றனர். பிரதி ஐந்நூறு ரூபா. கவிஞைக்கு இலாபம் இல்லை, கடனும் இல்லை. இதனை எழுதும்பொழுது எண்பத்தேழு கையொப்பம் சேர்ந்திருக்கின்றன. சங்கிலி அத்தாயின் கழுத்திலே இருக்கின்றது.

எண்பத்தேழாவது கையொப்பத்துக்காகச் சென்ற கிழமை ஒருவர் கடைக்குப் போனேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் அணிந்துரை எழுதிய அந்த மாணாக்கர்தான் அவர். எழுந்து நின்று வரவேற்றார்; தேநீர் தந்தார். தவறிய தாளைப் பற்றி நானே தொடங்கினேன். அவர் சிரித்தார்.

"எனக்கு விழாவுக்கு முதல்நாளே தெரியும் ஐயா. கட்டை அவிழ்த்த உடனை கண்டிட்டன். நீங்கள் மேடையிலை இருந்தியள். எப்பிடிச் சொல்லுறது?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். புறப்படும்பொழுது, அந்த இரங்கற்பாவின் மூலப்பிரதி இருக்கின்றதா என்று கேட்டேன். உள்ளே போய், பழைய சி. ஆர். கொப்பி ஒன்றை எடுத்துவந்தார். தவறிய பகுதியை அவர் கடையிலே, ஆட்கள் வந்துபோகும் நடுவிலே நின்று வாசித்தேன். ஆறுதலோடு நிறைவுறுவதாக நான் எழுதியிருந்தேன் அல்லவா? அதிலே ஆறுதல் ஒன்றும் இல்லை. தந்தையாரின் துவிச்சக்கர வண்டியை விற்ற நாளைப் பற்றி நான்கு வரிகள், அவ்வளவே.

அக்கொப்பியை இரவல் வாங்கி வந்திருக்கின்றேன். அடுத்த மாதம் வாசிகசாலையிலே எடுத்துக்கொள்ளும் கோவை அதுவே. அவர் வருவதாக இன்னும் சொல்லவில்லை. தத்தம் ஊரிலே இதுபோல ஒரு மாலையை ஒதுக்க எண்ணும் ஆசிரிய நண்பர்கள், அலமாரியிலே தாம் அணிந்துரை எழுதிய நூல்களுள் ஒன்றை முதலில் எடுத்து வாசிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றேன்.